பெரிய சக்கரமும் குறுகிய பயணமும்

நமது நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு மின்சார மோட்டார் கார் ஒன்று வாங்கினார். பல காலம் நம்முடன் ஒரே பள்ளிக்கூடத்தில் உத்தியோகம் பார்த்தவர், கணக்கில் புலி. திருச்சியில் அவருடைய வீடு. ஒரே பெண்ணைத் தாம்பரத்தில் கொடுத்திருக்கிறார். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 300 கிலோமீட்டர். இரவில் வீட்டிலேயே வண்டிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டால், வழியில் ஓரிடத்திலும் மின்சாரத்திற்காக நிற்காமல் தாம்பரம் போய்ச் சேர்ந்துவிடுவார். சேர்ந்த பிறகும் பாட்டரியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையாமல் மிச்சமிருக்கும். நாலைந்து தடவை போய் வந்து, இந்தக் கணக்கை அவர் பிரத்தியட்சமாக ருசுப்படுத்தியும் வைத்திருந்தார்.

இந்தச் சமயத்தில் அவருடைய பிள்ளையாண்டானுக்கு ஒரு யோசனை உதித்தது. வண்டியின் சக்கரங்கள் சிறியனவாக, களையற்று இருக்கின்றன என்பது அவனுடைய அபிப்பிராயம். வண்டியுடன் வந்த 16 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, 18 அங்குல அலாய் சக்கரங்களையும் அவற்றுக்கேற்ற அகலமான டயர்களையும் மாட்டிக்கொண்டு வந்தான். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். நண்பருக்கும் உள்ளூறப் பெருமைதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இரவு பத்து மணிக்குத் தாம்பரத்திலிருந்து டெலிபோன் வந்தது. பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. இரண்டாவது பிரசவமாகையால் அவள் புக்ககத்திலேயே இருந்தாள். நண்பரும் அவருடைய மனைவியும் உடனே புறப்பட்டார்கள். பாட்டரி நிறைந்திருந்தது, கணக்குத் தெரிந்திருந்தது, கவலை பெண்ணைப் பற்றி மட்டுமே. விழுப்புரம் தாண்டியதும் மீட்டரைப் பார்த்த நண்பருக்கு வேறொரு கவலையும் பிடித்துக்கொண்டது. திண்டிவனத்தில் அது பயமாயிற்று. வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். ஆயினும் தாம்பரம் சேரும்போது நூற்றுக்கு இரண்டு பங்காவது மிஞ்சுமா என்பது சந்தேகமாகிவிட்டது. செங்கற்பட்டில் சார்ஜிங் நிலையத்தைத் தேடிப் போனார். அங்கே முன்னதாக ஒரு வண்டி நின்றது. அது முடித்து, இவர் வண்டிக்கும் ஏற்றிப் புறப்படுவதற்குள் ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. தாத்தாவும் பாட்டியும் ஆஸ்பத்திரிப் படியேறியபோது, பேரன் அவர்களுக்காகக் காத்திராமல் உலகத்திற்கு வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. தாயும் சேயும் க்ஷேமம். அந்த மட்டில் பகவான் கிருபை. ஆனால் பெண் வலிப்பட்ட வேளையில் பக்கத்தில் இல்லையே என்ற குறை அந்த அம்மாளுக்கு இன்னும் தீரவில்லை.

ஊர் திரும்பியதும் நண்பர் நம்மிடம் வந்தார். "பாட்டரி கெட்டுவிட்டது, சார்! ஒரு வருஷத்திற்குள் நூற்றுக்குப் பத்துப் பங்கு போய்விட்டது. கம்பெனிக்குப் புகார் எழுதப் போகிறேன்" என்றார். "புகார் எழுதுவதற்கு முன்னால், பரணில் இருப்பதைக் கீழே இறக்கி மாட்டிப் பாருங்கள்" என்றோம். அவர் நம்பவில்லை. "பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருளும். அப்படியானால் தூரம் கூடத்தானே வேண்டும்? குறைவானேன்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. கணக்கில் புலியான நமது நண்பருக்கே தோன்றிய இந்த ஐயம் நம் வாசகர்களில் பலருக்கும் தோன்றக்கூடும். மின்சார வண்டி இன்று சாமானியக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஆகையால் இந்த வாரம் சக்கரத்தைப் பற்றியே சிறிது விசாரிக்கலாமென்று எண்ணுகிறோம்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். பெரிய சக்கரம் மாட்டிய வண்டியில் உண்மையில் சக்கரம் பெரிதாவதே இல்லை! டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் இது விளங்கிவிடும். உதாரணமாக, ஹ்யூண்டாய் கம்பெனியாரின் அயோனிக் 6 என்னும் மின்சாரக் காரை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு விதச் சக்கரங்களுடன் விற்பனைக்கு வந்தது. ஒன்றின் டயரில் 225/55 ஆர் 18 என்றும், மற்றொன்றின் டயரில் 245/40 ஆர் 20 என்றும் எழுதியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பதைக் காட்டும். 'ஆர்' என்பது ரேடியல் டயர் என்பதற்கு அடையாளம். கடைசி எண், நடுவிலுள்ள உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலக் கணக்கில்.

நாம் கரும்பலகைக்குப் பழகியவர்களாகையால் கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறோம். 18 அங்குலம் என்பது 457 மில்லிமீட்டர். பக்கச்சுவர், 225-இல் நூற்றுக்கு 55 பங்கு, ஏறக்குறைய 124 மில்லிமீட்டர். மேலும் கீழும் இரண்டு சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 705 மில்லிமீட்டர். இனி மற்றதைப் பார்ப்போம். 20 அங்குலம் 508 மில்லிமீட்டர். பக்கச்சுவர், 245-இல் நூற்றுக்கு 40 பங்கு, 98 மில்லிமீட்டர். இரண்டு சுவர்களையும் சேர்த்தால் மொத்தம் 704 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்! தரையில் உருளும் வட்டம் இரண்டிலும் ஒன்றேதான். நடுவில் உலோகம் வளர்ந்திருக்கிறது. சுற்றிலும் ரப்பரும் அதனுள் இருக்கும் காற்றும் தேய்ந்திருக்கின்றன. அகலம் 20 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அவ்வளவே.

வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறார்கள். மொத்த வட்டம் மாறினால் வண்டியின் வேகமானியும் தூரமானியும் பொய் சொல்லத் தொடங்கும். வட்டம் பெரிதானால், ஓடிய தூரத்தைவிடக் குறைத்துக் காட்டும். சிறிதானால், கூட்டிக் காட்டும். ஆகையால் விஷயம் தெரிந்த கடைக்காரர் வெளிவட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு உள்வட்டத்தை மட்டும் பெரிதாக்குகிறார். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் என்ற நண்பரின் வாதம் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போய்விடுகிறது.

சரி, இதனால் தூரம் எவ்வளவு குறைகிறது? அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவினர், வண்டிகள் ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு அங்கீகரித்த எண்களை வெளியிடுகிறார்கள். 2023-ஆம் வருஷத்து அயோனிக் 6 காரில், பின்சக்கரங்களை மட்டும் மோட்டார் ஓட்டும் வகைக்கு, 18 அங்குலச் சக்கரத்துடன் 361 மைல். 20 அங்குலச் சக்கரத்துடன் 305 மைல். கிலோமீட்டரில் சொன்னால் முறையே 581, 491. பாட்டரி இரண்டிலும் அதே 77.4 யூனிட் கொள்ளளவு உள்ளதுதான், மோட்டாரும் ஒன்றே. முக்கியமான வித்தியாசம் சக்கரத்திலேதான். தொண்ணூறு கிலோமீட்டர் போன இடம் தெரியவில்லை! நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல்.

இது ஒரு வண்டியின் விசித்திரமன்று. அமெரிக்காவின் லூசிட் கம்பெனியார் 2022-இல் விற்ற ஏர் கிராண்ட் டூரிங் என்ற காருக்கு, 19 அங்குலச் சக்கரத்துடன் 516 மைல், 21 அங்குலத்துடன் 469 மைல். அதாவது 830 கிலோமீட்டர் 755 ஆகிவிடுகிறது. மின்சாரத்திற்கு மட்டும் ஏற்பட்ட வியாதியுமன்று. 2010-இல் 'கார் அண்ட் டிரைவர்' என்னும் அமெரிக்கப் பத்திரிகையார் ஒரு போக்ஸ்வாகன் கோல்ப் பெட்ரோல் காருக்கு 15 அங்குலம் முதல் 19 அங்குலம் வரை ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல் செலவில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு நஷ்டம் கண்டார்கள்.

இந்த நஷ்டத்தை வசூலிப்பவர் மூவர். ரப்பர், காற்று, எடை என்பவை அவர்கள் பெயர். ஒவ்வொருவராக விசாரிப்போம்.

டயர் தரையைத் தொடுமிடத்தில் வண்டியின் பாரத்தால் சற்று நசுங்குகிறது. சக்கரம் உருள உருள, நசுங்கிய பாகம் நிமிர்கிறது. நிமிர்ந்திருந்த பாகம் நசுங்குகிறது. ரப்பர் நிமிரும்போது, நசுக்கியபோது வாங்கிக்கொண்ட சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பங்கை வெப்பமாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற வண்டியின் டயரைத் தொட்டுப் பார்த்தால் சூடாயிருப்பது இதனால்தான். இதை உருளும் தடை என்று சொல்லலாம்.

ஐரோப்பாவில் 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி டயர்களுக்கு இந்தத் தடையை அளந்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மோட்டார் கார் டயரில் முதல் வகுப்பென்றால், ஒரு டன் பாரத்தை உருட்டுவதற்கு 6.5 கிலோ இழுவை அல்லது அதற்கும் குறைவு போதும். மூன்றாம் வகுப்புக்கு 9 கிலோ வரை வேண்டும். ஐந்தாம் வகுப்பு 10.6 கிலோவிலிருந்து தொடங்குகிறது. ஆட்களுடன் சேர்த்து இரண்டு டன் எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால், முதல் வகுப்பு டயருக்கு 13 கிலோ இழுவை. அதாவது, கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இழுக்கும் பலத்தை வழி நெடுகச் செலுத்திக்கொண்டே போகவேண்டும். மூன்றாம் வகுப்பானால் 18 கிலோ வரை. இழுக்கிற குடத்துடன் இன்னொரு சொம்பையும் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. நூறு கிலோமீட்டர் இந்த அதிகப்படிச் சொம்பை இழுப்பதற்கு ஏறக்குறைய 1.4 யூனிட் மின்சாரம் செலவாகும். நடுத்தரமான மின்சாரக் கார் ஒன்று நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவழிக்குமானால், இந்தச் சொம்பு ஒன்றே நூற்றுக்கு ஒன்பது பங்கைக் குடித்துவிடுகிறது.

பெரிய அலாய் சக்கரங்களுக்கென்று செய்யும் அகலமான டயர்கள் பெரும்பாலும் வேகப் பிரியர்களுக்காகச் செய்யப்படுகின்றன. சாலையைக் கெட்டியாகப் பற்றும் ரப்பரை அவற்றில் வைக்கிறார்கள். பற்றும் ரப்பர் விடுவதற்கும் மனமில்லாதது. அதனால் உருளும் தடையும் பெரும்பாலும் அதிகம். "பக்கச்சுவர் குட்டையாயிருந்தால் குறைவாகத்தானே வளையும்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் உருளும் தடையின் பெரும்பங்கு தரையைத் தொடும் மேற்பட்டையிலே உண்டாகிறது. அந்தப் பட்டை அகலமாகவும் பிசுக்குள்ளதாகவும் இருக்கும்போது, பக்கச்சுவரில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

இரண்டாவது வசூல்காரர் காற்று. மெதுவாகப் போகும்போது இவர் இருக்கும் இடம் தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் இவருடைய தடை நாலு மடங்காகிவிடும். சாதாரணமான கார் ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றுக்கு ஏறக்குறைய அரைக் குடம் இழுவை கொடுத்தால் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு குடத்துக்கு மேல் கேட்பார். இந்தத் தடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சக்கரங்களாலும் அவை சுழலும் பள்ளங்களாலும் உண்டாவதாக நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது, தரையைத் தொடும் டயரின் அடிப்பாகம் அந்த க்ஷணத்தில் அசையாமல் நிற்கிறது. உச்சிப் பாகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது! அகலமான டயர் முன்னால் வரும் காற்றை அதிகமாகக் கலக்குகிறது. பெரிய அலாய் சக்கரத்தின் ஆரக்கால்களும் இடைவெளிகளும் மின்விசிறியைப் போல் காற்றைக் கடைகின்றன. மின்சார வண்டிகள் பலவற்றில் சக்கரத்தின் முகத்தைத் தட்டு வைத்து மூடினாற்போல் செய்திருப்பது இதற்காகத்தான். "அழகில்லை" என்று அந்த மூடியைத்தான் முதலில் கழற்றி எறிகிறோம்.

மூன்றாவது வசூல்காரர் எடை. பெரிய உலோகச் சக்கரம் பெரும்பாலும் கனமானது. அந்தக் கனமும் அச்சிலிருந்து தூரத்தில் இருக்கிறது. நிற்கும் வண்டி புறப்படும்போது சக்கரத்தை முன்னால் தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதால், விளிம்பிலுள்ள ஒரு கிலோ, வண்டிக்குள் இருக்கும் ஒரு கிலோவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொல்லை கொடுக்கும். ஆனால் இவரைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லக்கூடாது. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது இவருடைய வசூல் சொற்பமே. மேலும், மின்சார வண்டியில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் உற்பத்தி செய்து செலவின் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. நின்று நின்று புறப்படும் நகரத் தெருக்களிலேதான் எடையின் வேலை தெரியும். நண்பரின் இராப் பிரயாணத்தில் தூரத்தைத் தின்றவர்கள் முக்கியமாக முதல் இருவர்தாம்.

இவ்வளவும் பெட்ரோல் வண்டியிலும் உண்டே, அங்கே யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். பெட்ரோல் வண்டி ஊதாரி வீடு. அதன் எஞ்சின், பெட்ரோலிலுள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்திற்குக் கொடுக்கிறது. மீதி வெப்பமாகவும் புகையாகவும் போகிறது. தட்டுக்கெட்ட செலவு நடக்கும் வீட்டில் சமையலறையில் படி அரிசி குறைந்தால் யார் கவனிக்கிறார்கள்? குறைந்தால் பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிஷம் நின்றால் சரியாய்ப் போயிற்று. மின்சார வண்டி சிக்கனமான வீடு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட்டுக்குச் சமமான சக்தி அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் அயோனிக் 6 காரின் பெரிய பாட்டரி முழுவதும் நிறைந்திருந்தால், அதிலுள்ள சக்தி 9 லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு! அந்தச் சிறு கையிருப்பைக் கொண்டுதான் அது 581 கிலோமீட்டர் ஓடுகிறது. அளந்து போட்டுச் சமைக்கும் வீட்டில் ஒரு பிடி அரிசி சிந்தினாலும் இலையில் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதைக் கொண்டு, பெரிய சக்கரமே பாபம் என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 2013-இல் ஐ3 என்ற சிறு மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு மாட்டியது 19 அங்குலச் சக்கரம். ஆனால் டயரின் அகலம் 155 மில்லிமீட்டர்தான். பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியார் அதற்கென்றே செய்து கொடுத்த ஒல்லியான, உயரமான டயர். அதன் வெளிவட்டம் சுமார் 700 மில்லிமீட்டர். அயோனிக் 6 வண்டியின் சக்கரத்திற்கு ஏறக்குறையச் சமம். உயரமான வட்டம் தரையில் எளிதாக உருளும். ஒல்லியான முகம் காற்றை எளிதாகக் கிழிக்கும். நம் கிராமத்துத் தச்சர் இரட்டை மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்தபோது, ஆளின் மார்பளவு உயரமும் நாலு விரல் அகலமுமாகச் செய்தாரே, அவரும் இந்த விஷயத்தை அறிந்தவர்தாம். ஆகவே அங்குலத்தின்மேல் பழியில்லை. அகலத்தின்மேலும், ரப்பரின் ஜாதியின்மேலும், முகத்தில் விட்ட இடைவெளிகளின்மேலுமே பழி.

1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்குப் பேடண்டு உரிமை பெற்றார். தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி ரப்பரில் கடகடவென்று குலுங்குவதைப் பார்க்கச் சகியாமல் அவர் செய்த காரியம் அது. பதினொரு வருஷம் கழித்து, 1899 ஏப்ரலில், பாரிஸ் நகருக்கு அருகில் காமில் ஜெனாட்ஸி என்னும் பெல்ஜியர், சாலையில் ஓடும் வண்டியில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினார். அது பெட்ரோல் வண்டியன்று, மின்சார வண்டி! அதன் சக்கரங்களில் இருந்தவை மிஷ்லின் சகோதரர்களின் காற்றடைத்த டயர்கள். மின்சார வண்டிக்கும் காற்றடைத்த ரப்பருக்கும் உறவு அவ்வளவு பழையது. டன்லப் உலோகத்திற்கும் தரைக்கும் நடுவே காற்றை வைத்தார். நாம் பணம் கொடுத்து அந்தக் காற்றைக் குறைத்து உலோகத்தைக் கூட்டிக்கொள்கிறோம். நம் ஊர்ச் சாலையில் மழைக்குப் பிறகு தோன்றும் பள்ளங்களில் ஒரு தடவை இறங்கி ஏறினால், குட்டைப் பக்கச்சுவருள்ள டயர் புடைத்துக்கொள்வதும், அலாய் சக்கரத்தின் விளிம்பு வளைவதும் ஏன் என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

நிற்க. எதிர்க்கட்சிக்காரருக்கும் நியாயம் வழங்கவேண்டும். குட்டைச் சுவருள்ள அகலமான டயர், வளைவில் வண்டியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது மெய். அதைவிட முக்கியமான வேறொன்றும் உண்டு. தூரம் ஒன்றையே குறியாகக்கொண்டு, ஈரச் சாலையில் வழுக்கும் டயரை மாட்டினால், அந்தச் சிக்கனம் உயிருக்கு உலையாகும். 1992-இல் மிஷ்லின் கம்பெனியார் கரிக்குப் பதிலாகப் பெரும்பாலும் சிலிகாவைச் சேர்த்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது முதல் உருளும் தடையைக் குறைத்துக்கொண்டே ஈரப்பிடிப்பையும் காப்பாற்ற வழி ஏற்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் டயரின்மேல் ஒட்டும் சீட்டில் உருளும் தடைக்கு ஓர் எழுத்தும், ஈரச் சாலைப் பிடிப்புக்கு ஓர் எழுத்தும் தனித்தனியே போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே புத்திசாலி. நம் தேசத்திலும், குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நட்சத்திரம் ஒட்டும் மத்திய சர்க்கார் ஸ்தாபனத்தின் முத்திரை 2022-இல் மோட்டார் கார் டயர்களுக்கும் வந்துவிட்டது. கடைக்குப் போகும்போது அந்த நட்சத்திரங்களைக் கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கும் வரவேண்டும்.

இனி, வண்டி வாங்கப் போகும் குடும்பங்கள் செய்யவேண்டியது என்ன? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தூரம் எந்தச் சக்கரத்திற்குரியது என்று முதலில் கேளுங்கள். ஷோரூமில் கண்ணைப் பறிப்பதற்காக நிறுத்தியிருக்கும் வண்டி பெரிய சக்கரத்துடன் நிற்கலாம். பத்திரிகையில் வந்த எண் சிறிய சக்கரத்தினுடையதாயிருக்கலாம். ஐரோப்பாவில் 2017 முதல் வந்த பரீக்ஷை முறையில், வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் சக்கரத்தையும் கணக்கில் சேர்த்தே அந்தந்த வண்டிக்குரிய எண்ணைக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நம் நாட்டு விளம்பரங்களிலும் தூரத்திற்குப் பக்கத்தில் சக்கரத்தின் அளவையும் அச்சிடும் வழக்கம் பரவவேண்டும். அதற்கு வாங்குகிறவர்கள் வாய்திறந்து கேட்பதே முதல் படி.

இரண்டாவது, டயர் தேய்ந்து புது டயர் மாட்டும்போது அளவை மட்டும் பார்க்காதீர்கள். அதே அளவில் வேறு ஜாதி ரப்பரை மாட்டினாலும் தூரம் குறையும். வண்டியுடன் வந்த டயரின் உருளும் தடை எவ்வளவோ, அதே தரத்தைக் கேளுங்கள். மூன்றாவது, காற்று. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் எவ்வளவு அழுத்தம் என்று போட்டிருக்கும். நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருட் செலவில் நூற்றுக்கு 0.2 பங்கு நஷ்டம் என்று அமெரிக்க எரிசக்தி இலாகாவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். அது பெட்ரோல் வண்டிக்குப் போட்ட கணக்கு; ஆனால் ரப்பரின் சுபாவம் எந்த வண்டியிலும் ஒன்றுதான். மாதம் ஒரு முறை காற்றுப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

இதில் ஒரு குடும்பத்தின் லாப நஷ்டம் மட்டும் அடங்கியிருக்கவில்லை. சக்கரத்தின் அலங்காரத்தால் நூற்றுக்குப் பத்துப் பங்கு தூரம் குறைந்தால், அதை ஈடுகட்ட ஏறக்குறையப் பதினொரு பங்கு பெரிய பாட்டரி வைக்கவேண்டியதாகிறது. அந்தப் பாட்டரிக்குள் இருக்கும் லிதியம் செல்களில் பெரும்பகுதி இன்றும் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. கனமான பாட்டரி வைத்தால் வண்டியும் கனக்கும். கனத்த வண்டியை உருட்ட இன்னும் மின்சாரம் வேண்டும். அந்நிய எண்ணெய்க்கு அடிமைப்பட்டிருக்கும் நிலையிலிருந்து மீளுவதற்காக மின்சார வண்டியைக் கொண்டாடும் நாம், அதன் பலனில் ஒரு பங்கை வெறும் பார்வைக்காக வீதியில் சிந்திக்கொண்டு போவது என்ன விவேகம்? நூல் நூற்கும் எளிய சக்கரத்தைச் சுழற்றித் தன் பலத்தை அறிந்துகொண்ட தேசம் இது.

நண்பரின் கதையை முடித்துவிடுவோம். அவர் புகார்க் கடிதத்தை எழுதவில்லை. பரணிலிருந்து பழைய சக்கரங்களை இறக்கினார். பிள்ளையாண்டானுக்கு மனத்தாங்கல்தான், ஆனால் அக்காவின் பிரசவத்தன்று நடந்ததை நினைத்து வாய் பேசாமல் தானே ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். பேரனைத் தொட்டிலில் இடும் நாளுக்குத் தாம்பரம் போய் வந்த நண்பர் நம்மைப் பார்க்க வந்தார். போய்ச் சேர்ந்தபோது பாட்டரியில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு இருந்ததாம். அதை ஒரு காகிதத்தில் குறித்தே கொண்டுவந்திருந்தார். அவருடைய மனைவி அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தத் தடவை வழியிலே எங்கேயும் நிற்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.